எஸ்டிமேட்டில் தூசிக்கும் ஒரு வரி: பழைய வீட்டு வேலை செய்யும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை பக்கங்களிலிருந்து வந்திருக்கும் கொத்தனார்களே, தச்சர்களே, பெயிண்டர்களே, டைல்ஸ் வேலை செய்பவர்களே, சித்தாள் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை அட்டை புதுப்பித்தோம் என்றுதான் வழக்கமாகத் தொடங்கும். அவை கடைசியில் வருகின்றன. இந்த ஆண்டு நம் சங்கத்தின் நேரமெல்லாம் ஒரே விஷயத்தில்தான் போனது. வேலை இடத்தில் நாம் மூச்சோடு உள்ளே இழுக்கிற தூசி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பொதுக்குழு முடிந்த கொஞ்ச நாளில் நம் மூத்த கொத்தனார் ஒருவரை இழந்தோம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. இங்கே இருக்கும் பாதிப் பேர் அவர் கையில் கரணை பிடிக்கக் கற்றவர்கள். இருமல் என்று போனவருக்கு டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முழுவதும் சாப்பிட்டார். இருமல் நின்றபாடில்லை. மறுபடியும் மாத்திரை. கடைசியில் வெளியூரில் ஒரு மருத்துவர்தான், "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நுரையீரலில் கல்தூசி படிந்து தழும்பாகியிருக்கிறது, இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ் என்றார் அவர். நாங்கள் பார்க்கப் போனபோது படுக்க முடியாமல் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "தண்ணி ஊத்தி வெட்டியிருக்கலாம்யா" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் நின்றுதான் நிர்வாகக் குழு இந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

சிலிக்கா என்பது நமக்குப் புதிய பொருள் இல்லை. மணல், கருங்கல், செங்கல், செம்புறாங்கல், சிமெண்ட் கலவை, டைல்ஸ் என்று நாம் தினமும் தொடுகிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கல்லாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. மாவாகும்போதுதான் ஆபத்து. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை போகும் தூசி 4, 5 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் நிற்காது, எச்சிலோடு வராது. உள்ளே போனது கரைவதில்லை. அதைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டே போகும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். குணமாக்க மருந்து கிடையாது. 1997-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வேலை இடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். நம் ஊரில்தான் அதற்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலிக்கா படிந்த நுரையீரலுக்கு டி.பி. எளிதில் வரும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே டி.பி. மாத்திரை கொடுத்தால் யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. சாப்பிடுங்கள். கூடவே, "நான் இத்தனை வருஷம் கல்லும் டைல்ஸும் வெட்டுகிறேன்" என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சரி, நம் தாத்தாக்களும் இதே செட்டிநாட்டில்தானே வேலை செய்தார்கள், அவர்களுக்கு இப்படி வந்ததா என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. அந்தக் காலத்து வேலை பெரும்பாலும் ஈர வேலை. சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, ஈரத்திலேயே கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். உளியும் சுத்தியலும் சில்லாகத் தெறிக்க வைக்கும். இன்றைக்குக் கையில் இருக்கும் கட்டிங் மெஷின் பிளேடு அதே சுவரைப் புகையாக்குகிறது. அதுவும் பழைய வளவு வீட்டை, அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள செட்டிநாட்டு வீட்டை, தங்கும் விடுதியாக மாற்றும் வேலையில், ஒவ்வொரு அறைக்கும் ஏ.சி., ஒவ்வொரு அறைக்கும் குளியலறை. கரண்ட் பைப்புக்கும் தண்ணீர் பைப்புக்கும் ஒன்றரை அடிச் சுவரில் காடி வெட்டுகிறோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தூசி பட்டாலைக் கூடத்துக்குப் போகாமல் இருக்க நாமே அதற்குள் நின்றுகொண்டு.

அப்படி ஒரு வீட்டில் ஒரு நாள் அளந்து பார்த்தோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் கையடக்கமான தூசி மீட்டரைக் கொடுத்து உதவினார். பிளேடு சுவரைத் தொட்ட சில நொடிகளில் திரையில் 999 என்று வந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் காட்ட அந்த மீட்டருக்கு வழியில்லை. மெஷினை நிறுத்தி நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அந்த அறையில் எண் பெரிதாக இறங்கவில்லை. பக்கத்து அறையில், யாரும் வேலை செய்யாத இடத்தில், சித்தாள் ஒருவர் குழந்தையைத் தூளியில் போட்டிருந்தார். அங்கேயும் மீட்டர் ஏறியிருந்தது. அந்த நாளை நான் மறக்கப் போவதில்லை. பிறகு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, பிளேடு படுகிற இடத்தில் ஒருவர் தண்ணீர் விட, இன்னொருவர் வெட்டினார். எண் அடங்கியது. காற்று சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ச்சுவர் தெரிந்தது.

இந்தச் சின்ன மீட்டர் தூசி கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும், அவ்வளவுதான். அதில் சிலிக்கா எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு வேலை செய்பவரின் சட்டைக் காலரில், பெரிய தூசியைப் பிரித்து ஒதுக்கும் சைக்ளோன் பொருத்திய வடிகட்டியை மாட்டி, இடுப்பில் சின்ன பம்பு கட்டி, ஷிப்ட் முழுவதும் காற்றை இழுத்து, பிறகு ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் அனுமதி. பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள ஓர் அறை முழுவதற்கும் கணக்குப் போட்டால், அந்தத் தூசி ஒரு கல் உப்பின் எடைகூட வராது. இதை உறுப்பினர் கூட்டத்தில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதிலிருந்து வந்ததுதான் இந்த ஆண்டின் முக்கியத் தீர்மானம். இனி நாம் கொடுக்கும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் தூசிக்கென்று தனி வரி இருக்கும். தண்ணீர் விட்டு வெட்டும் கூடுதல் நேரம், வாசலில் கட்டும் பிளாஸ்டிக் திரை, முகக்கவசம், ஈரத்தில் கூட்டித் துடைக்கும் ஆள்கூலி, கழிவை மூட்டை கட்டும் செலவு எல்லாம் அதில் அடங்கும். மணலுக்கும் சிமெண்டுக்கும் பணம் கேட்கிற மாதிரி இதற்கும் கேட்பது.

எல்லா வீட்டாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு ஒன்று, பங்காளிகள் பலர், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒரு வரியைச் சேர்க்க நான்கு பேருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி மட்டும் கணக்கைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "படைப்புக்கு வந்தா எங்க பேரன் பேத்தியெல்லாம் இந்தப் பட்டாலையிலதானப்பா உருண்டு படுக்கும், எழுதிக்கோ" என்றார். படைப்பு என்றால் முன்னோரை வணங்கப் பங்காளிகள் எல்லாரும் கூடுவது. ஆச்சி சொன்னதுதான் சரி. நாம் கிளப்புகிற தூசி நம்மோடு போய்விடுவதில்லை. உத்திரத்தின் மேலும் கதவுச் செதுக்கலிலும் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டில் தங்குபவர் மேல் மாதக்கணக்கில் இறங்கும்.

ஒரு பெரிய வேலையில் அந்த வரியை அடித்துவிட்டுக் குறைத்துக் கேட்ட காண்டிராக்டருக்கே வேலை கிடைத்தது. நம் உறுப்பினர்கள் சிலரும் அங்கே போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுப்பு எரிய வேண்டும். வருத்தம் இருக்கிறது.

முகக்கவசம் பற்றி. துண்டை மடித்துக் கட்டுவது போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியை அது தடுக்கும், கொல்லுகிற தூசியைத் தடுக்காது. என்-95 வகை வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். கார்த்திகை மார்கழியில் மாலை போட்டவர்கள் தாடி வளர்க்கிறார்கள், கவசம் ஒட்டாது. விரதத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஆகவே அந்த நாட்களில் அவர்களைப் பூச்சு, ஓடு வேய்தல், மர வேலைக்கு மாற்றிவிடுவது என்று மேஸ்திரிகள் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டார்கள். சங்கம் சொல்லாமலே நடந்தது இது.

அடுத்து ஷீட். நாம் சிமெண்ட் ஷீட் என்று சொல்லும் கூரையில் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பின்கட்டு, விறகுக் கொட்டகை, மாட்டுக் கொட்டில் எல்லாவற்றிலும் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில்தான் தெரியும். எனவே பழைய ஷீட் எல்லாவற்றையும் கல்நார் என்றே வைத்துக்கொள்வது நல்லது. இதன் இழை உள்ளே போனால் புற்றுநோய் வர இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தி முடிகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது இந்தத் தாமதத்தால்தான். ஆனால் கூரை பிரிக்கிற நம்மவருக்குப் பதிவேடு எங்கே? மேலே ஏறி மிதித்து உடைத்துக் கீழே தள்ளுவதுதான் இதுவரை நம் வழக்கம். உடைந்த துண்டைக் கொல்லைக் குழியை மேடாக்கப் போட்டோம். இனி அப்படி வேண்டாம். முதலில் நனைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். ரம்பமோ மெஷினோ கிட்டேயே வரக் கூடாது. இரண்டு மடிப்புக் கனத்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, மேலே எழுதி ஒட்ட வேண்டும். கட்டிய மூட்டைகளைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. இரண்டு வேலையின் மூட்டைகள் அந்தந்த வீட்டுக் கொல்லையிலேயே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கின்றன.

பெயிண்டர்களுக்கு: வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பர்மா தேக்குக் கதவை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீ காட்டி உரிக்காதீர்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் பூட்டிய வீட்டைக் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து கூட்டுகிற பெண்களுக்கும் இதே பேச்சுதான். வௌவால் எச்சமும் புறா எச்சமும் காய்ந்து பொடியாகியிருக்கும். அந்தத் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். முதலில் எல்லாக் கதவையும் திறந்து காற்றாட விட்டு, தண்ணீர் தெளித்து, பிறகு அள்ளுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் கொட்டகைகளுக்கு இரண்டு தடவை போனோம். அங்கே மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணாடி மேல் ஊற்றுகிற வண்ணக் கலவை ஈரம், பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறல், சூளை இல்லை. தூசி வருவது முதுகுக் கலவைக்கு மணலும் சிமெண்டும் உலர்வாகக் கலக்கும்போதும், காலிச் சாக்கை உதறும்போதும்தான். உதறுவதை நிறுத்தி, சாக்கைச் சுருட்டி வைக்கச் சொன்னோம். கலக்கும் இடத்தைக் காற்று போகிற பக்கமாக வெளியே மாற்றினார்கள்.

மெஷின் பிடித்துப் பத்து ஆண்டுக்கு மேலான உறுப்பினர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் எடுத்தோம். சிலரை மேல்பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். எத்தனை பேர், யார் என்று இந்த அறிக்கையில் சொல்ல மாட்டேன். சின்ன ஊர், பேச்சு பரவினால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சிலிக்கோசிஸ், கல்நார் நோய், ஈய நஞ்சு மூன்றையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப்பட்டியலில் வைத்தது. ஆனால் வளவு வீடு தொழிற்சாலை இல்லையே. ராஜஸ்தானில் கல்தூசி நோய்க்கென்று 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தார்கள். 1994-லேயே கட்டுமானத் தொழிலாளருக்கு நலவாரியம் அமைத்த நம் மாநிலத்தில் அப்படி ஒன்றைக் கேட்பது நம் உரிமை. அதற்கான மனுவின் நகல் மேசையில் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மற்றவை: நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. நலவாரிய அட்டை புதுப்பித்தலில் நிலுவை இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். அதில் முகக்கவசத்துக்கு ஆன செலவு சென்ற ஆண்டைவிடக் கூடுதலாக இருக்கும், அதற்கு நானே பொறுப்பு. வரும் ஆண்டில் தூசி உறிஞ்சும் மூடியோடு கூடிய கட்டிங் மெஷினும் அதற்கேற்ற வாக்குவமும் சங்கத்துக்கென்று ஒரு ஜோடி வாங்கி, வேலைக்கு வேலை மாற்றிக் கொடுக்க உத்தேசம். காலமான நம் கொத்தனாரின் மகன் சென்ற மாதம் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். அந்த மெஷினை முதலில் அவர் குழுவுக்குக் கொடுக்கலாம் என்பது நிர்வாகக் குழுவின் பரிந்துரை.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்