வலைக்குக் கட்டும் ஈயமும் பிள்ளைகளின் சேட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் குடும்பம் எங்களுடையது. ஏழு வயதில் ஒரு மகன். பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து அவனைப் பற்றிப் புகார்தான். ஐந்து நிமிடம் உட்கார மாட்டான், பக்கத்துப் பிள்ளையை அடிப்பான், சொன்னது மண்டையில் ஏறாது. "அவங்கப்பனும் சின்னதுல இப்படித்தான்" என்பார் மாமியார். நான் அவனை அடித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அடித்தேன்.

போன வருடம் வயிற்றுவலி விடாமல் இருந்ததால் சென்னையில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். ரத்தசோகையும் இருந்தது. வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். மீன்பிடி என்றதும், வலைக்குக் கட்டும் ஈயக் குண்டை யார் செய்கிறார்கள் என்றார்.

நாங்களேதான். பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி, கொல்லையில் அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார் என் கணவர். பையன் பக்கத்திலேயே குந்தியிருப்பான். ஆறிய குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவது அவன் வேலை. அப்புறம் வலைக்கயிற்றில் குண்டை வைத்து இவர் பல்லால் கடித்து இறுக்குவார். அவனும் அப்பாவைப் போலவே கடைவாயில் வைத்துக் கடிப்பான். அந்தக் கையோடு முறுக்கு தின்பான்.

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அமெரிக்காவில் 2021 முதல் 3.5 இருந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலைக்குக் கட்டும் ஈயம்தான் இந்தக் காரீயம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அது வேறு. நாங்கள் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

டாக்டர் விளக்கினார்: வாய்க்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு நாலைந்து மடங்கு இழுத்துக்கொள்ளுமாம். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க டாக்டர் சிறு பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் எவ்வளவு காரீயம் என்று பார்த்திருக்கிறார். அதிகம் இருந்த பிள்ளைகளைத்தான் கவனம் சிதறுகிறவர்கள், சொன்னபடி செய்யாதவர்கள் என்று டீச்சர்களும் சொல்லியிருக்கிறார்கள். பல்லில் என்ன இருந்தது என்று அந்த டீச்சர்களுக்குத் தெரியாது. அதைக் கேட்டதும், சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்த என் மகனின் முதல் பல் நினைவுக்கு வந்தது.

சேட்டை பண்ணும் பிள்ளைகளுக்கெல்லாம் காரீயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. என் மகனுக்கு மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை, காரீயம் வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்றார். உருக்குவதை நிறுத்தினோம். கொல்லையின் மேல்மண்ணை மாற்றினோம். வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். முட்டை, கீரை, கேழ்வரகு கொடுக்கிறேன். பத்து மாதத்தில் 18 ஒன்பதாகக் குறைந்தது. வயிற்றுவலி இல்லை. வகுப்பில் இன்னும் சிரமப்படுகிறான். காரீயத்தால் மூளைக்கு ஆன பாதிப்பு முழுதாகச் சரியாகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை நம் நாட்டில் 2000-ல் நிறுத்திவிட்டார்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2017 முதல் விதி இருக்கிறது. கொல்லையில் பேட்டரித் தகடு உருக்குவது பற்றி மட்டும் எங்கள் ஊரில் யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கன்வாடியில் எடை, உயரம் பார்க்கும்போது மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். பையன் அடங்கவில்லை என்று புகார் வந்தால், வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

என் அக்காவை ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் இருக்கம் தீவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கும் தமிழ் பேசும் மீனவர்கள்தான், அங்கும் வீட்டில்தான் உருக்குகிறார்கள். அவள் பையனுக்கு நாலு வயது. சூலூர்ப்பேட்டையில் இந்தப் பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று போனில் கேட்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழவேற்காடு