செயின் ஓட்டுகிற விஷயமாக

அன்புள்ள கோபாலு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே மூத்தவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவள் அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

கன்வேயருக்காக நீ கம்ப்யூட்டரில் வரையும் ரோலர் செயினுக்கு வருகிறேன். 78 லிங்க்கையும் ஒவ்வொன்றாக மேட் (பாகங்களைப் பொருத்தும் கட்டளை) போட்டுக் கோத்தால் கம்ப்யூட்டர் திணறாமல் என்ன செய்யும்? நீ வரைகிற சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் 2015 பதிப்பிலிருந்தே செயின் பேட்டர்ன் என்று ஒரு வசதி இருக்கிறதப்பா. இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும், அதாவது பல்சக்கரங்களை, சுற்றிச் செயின் ஓடும் பாதையாக மூடிய ஸ்கெட்ச் ஒன்று, உள் லிங்க் ஒன்று, வெளி லிங்க் ஒன்று, அவ்வளவுதான் வரைய வேண்டியது. ‘கனெக்டட் லிங்கேஜ்’ கொடு. மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். ‘டைனமிக்’ வைத்தால் எந்த லிங்க்கை இழுத்தாலும் செயின் ஓடும். ‘ஸ்டாட்டிக்’கில் மூல லிங்க்கைத்தான் இழுக்க வேண்டும், ஆனால் கம்ப்யூட்டருக்குப் பாரம் குறைவு.

பாதையைச் சரியாக 990.6 மி.மீ. வைத்தும் கடைசி லிங்க் நுழையவில்லை என்று எழுதியிருந்தாய். 78-ஐப் பிட்ச்சால், அதாவது அடுத்தடுத்த இரண்டு பின்னுக்கு நடுவே உள்ள 12.7 மி.மீ.யால், பெருக்கியிருக்கிறாய், கணக்கு சரிதான். ஆனால் லிங்க் வளையாதே! பின்கள்தான் சக்கரத்தின் பிட்ச் வட்டத்தில் உட்காரும், லிங்க் இரண்டு பின்னுக்கும் நடுவே குறுக்காக நேரே போகும். உன் சக்கரம் இரண்டுக்கும் 17 பல்; அதற்குப் பிட்ச் வட்டத்தின் விட்டம் 69.12, சுற்றளவு 217.13. இரண்டு சக்கரத்திலும் பாதிப் பாதியாக உட்காரும் 17 பிட்ச்சோ 215.9-தான். இந்த 1.23 மி.மீ.யைப் பாதையில் கூட்டு, அதாவது இரண்டு சக்கரங்களின் சென்டர் தூரத்தை 387.35 ஆக்கு. நூலளவு முன்பின் இருந்தால் ஸ்கெட்ச்சில் தட்டிக்கொள். லிங்க் எண்ணிக்கையை இரட்டைப்படையில் வைத்தது நல்லது. ஒற்றைப்படை என்றால் அரை லிங்க் போடவேண்டும், செயின் பலவீனமாவதே அங்கேதான்.

பல்லும் ரோலரும் மோதித்தான் ஓட வேண்டும் என்று கான்டாக்ட் (பாகங்கள் தொட்டுத் தள்ளுவதைக் கணக்கிடும் வசதி) மட்டும் கொடுத்துவிடாதே, கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்கச் சுற்றும்.

இன்னொன்று. திரையில் வழவழவென்று ஓடுவதைக் காட்டி முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிடாதே. நிஜத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் செயின் ஒரு முறை ஏறி இறங்கும். 17 பல்லில் வேகம் 1.7 சதவீதம்தான் ஆடும். இடத்தை மிச்சப்படுத்த நீ யோசிக்கும் 11 பல்லில் அது 4 சதவீதம். கன்வேயரில் பாட்டில் நிற்கப் போகிறது என்கிறாய், எனக்கென்னவோ 17-ஐ விடாதே என்றுதான் படுகிறது.

ஃபைலை அனுப்பு, பார்த்துத் தருகிறேன். தைப்பூசத்துக்கு வருகிறாயா, இல்லை போன வருஷம் மாதிரி லீவு இல்லை என்பாயா?

அன்புடன்,
செல்வராசு