டொன்சில் எடுத்த பிறகு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திரும்பவும் தொண்டை நோவும் காய்ச்சலும் என்று வாசித்ததும் மனம் சரியில்லாமல் போய்விட்டது. இங்கே திருகோணமலையில் மாரி தொடங்கிவிட்டது, டச்சு வளைகுடாப் பக்கம் கடல் இரைகிறது, எனக்கும் போன கிழமை தொண்டை கட்டியது.

தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கும் அந்த டொன்சில் சதையை எடுத்த உனக்குமா என்று கேட்பாய். வரும் மச்சான். ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவை வந்தபோது பட்ட வேதனையெல்லாம் வீண் என்றுதான் நினைத்தேன். தடிமன் வைரஸ் தொண்டைச் சுவரையே பிடிக்கும், நாக்கின் அடியிலும் டொன்சில் போன்ற திசு கொஞ்சம் இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆனால் முன்பெல்லாம் எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒரு கிழமை படுத்திருப்பேன், இப்போது உப்புத் தண்ணீரில் கொப்புளித்து, பிளேன்டீ குடித்து, மூன்று நாளில் எழும்பிவிடுகிறேன். எனக்கு அதுவே பெரிய விடுதலை.

எடுத்த பிறகு வரும் இரண்டு கிழமையைப் பற்றித்தான் எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு நோவு கூட, பிள்ளைகள் கெதியில் தேறுவார்கள். ஐந்தாம் நாள் காது குத்தத் தொடங்கியது, காதில் ஏதோ வந்துவிட்டது என்று பயந்தேன், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வரும் நோவாம் அது. டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கும், அது சீழ் இல்லை, பாலில் ஆடை படிவது போலப் புண் ஆறும்போது படிவது. அது உரியும் நாட்களில், ஐந்திலிருந்து பத்து நாளுக்குள், இரத்தம் கசியலாம். எனக்கு ஏழாம் நாள் இரவு எச்சிலில் புது இரத்தம் வந்தது, உப்புவெளியிலிருந்து மழையோடு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். சிவப்பாகக் கண்டால் விடியட்டும் என்று இருக்காதே. நோவுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் விட்டால் தொண்டை காய்ந்து இன்னும் நோகும், அதனால் அம்மா மிளகாய் போடாத சொதியில் இடியப்பத்தை ஊறவைத்து மணிக்கொரு தரம் ஊட்டாத குறையாகத் தந்தார்.

மகளுக்கு எடுப்பதா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. ஒரு வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷமாக ஆண்டுக்கு 5, அல்லது மூன்று வருஷமாக ஆண்டுக்கு 3 என்று கடுமையாக வந்தால்தான் பொதுவாக டொக்டர்மார் ஒப்பரேஷனை யோசிப்பார்கள். பல பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும். கலண்டரில் திகதியும் காய்ச்சல் அளவும் குறித்து வை. வைரஸ் இல்லை, ஸ்ட்ரெப் என்ற பக்டீரியாக் கிருமி என்று சொல்லி 10 நாளுக்குப் பெனிசிலின் தந்தால் பத்து நாளும் கொடு, காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதே, வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வைத் தாக்காமல் தடுக்கத்தான் அந்தக் கணக்கு. நான் சின்ன வயதில் பல தடவை பாதியில் நிறுத்தியவன், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வெறும் தடிமனுக்கு அந்த மருந்து தேவையே இல்லை.

இந்த வருஷம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி எழுது. பள்ளி லீவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வருவோம்.

அன்புடன்,
உன் மச்சான்