இனிப்பை ஊற்றிய கைக்கும் பொறுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவின் வாட்ஸ்அப்பில் போன ஞாயிற்றுக்கிழமை இரவு பெரிய வாக்குவாதம் நடந்தது. சிங்கப்பூரர்கள் எல்லாருக்கும் உள்ள மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சந்தாவைப் பற்றி ஒருவர் ஏதோ போட்டார். 2025 ஏப்ரல் முதல் சந்தா படிப்படியாகக் கூடுவதால் எல்லாருக்குமே அந்தக் கவலை இருக்கிறது. அதற்குக் கீழே, குழுவில் வயது குறைந்த தம்பி ஒருவர் எழுதினார்: “வாயைக் கட்டத் தெரியாத சக்கரை நோயாளிகளுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? தடுப்பூசி போடாதவர்களை 2021இல் சொந்தக் காசில் கட்டச் சொன்னார்களே, அதே மாதிரி செய்யட்டும்.”

குழுவில் பாதிப் பேருக்குச் சக்கரை உண்டு. கேட்கவா வேண்டும்? “உன் அப்பாவுக்கு வந்தால் இப்படிப் பேசுவாயா” என்று ஒருவர். “தேயில் ஊற்றுகிற இனிப்பு டின் பாலையே தடை செய்ய வேண்டியதுதானே, அரசாங்கம் என்ன செய்கிறது” என்று இன்னொருவர். இரவு இரண்டு மணி வரை ஓடியது. இருபது வருடமாகப் பந்தலில் கூடவே நின்ற ஒரு அக்கா குழுவை விட்டே போய்விட்டார். நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் சொல்ல நினைத்தது கைத்தொலைபேசியில் நாலு வரிக்குள் அடங்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. ஈசூனில் ஒரு கோப்பிக் கடையில், பானங்கள் விற்கும் தண்ணீர்க் கடையில் 27 வருடமாகத் தே, அதாவது தேநீர், போடுகிறேன். பதினோரு வருடமாக எனக்கும் சக்கரை. ஆக, இந்த வழக்கில் நான் இரண்டு பக்கமும் நிற்கிறவன். குடித்தவனும் நான், ஊற்றியவனும் நான்.

முதலில் அந்தத் தம்பி சொன்ன தடுப்பூசிக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 8 முதல், தாங்களாக விரும்பித் தடுப்பூசி போடாமல் இருந்தவர்களின் கொவிட்-19 சிகிச்சைச் செலவை அரசாங்கம் முழுவதுமாக ஏற்பது நின்றது. அது உண்மை. ஆனால் அப்போதும் வழக்கமான மானியமோ மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியோ அவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. மற்ற நோய்க்கு எப்படியோ அப்படிக் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். உடல்நிலை காரணமாக ஊசி போட முடியாதவர்களுக்கும் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த விதி இல்லை. அன்றைக்கு நான் அதை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஊசி இலவசம். சமூக மன்றத்துக்கு இரண்டு தடவை போய் வந்தால் வேலை முடிந்தது. செய்யாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

சக்கரை அப்படியா? இரண்டு நாள் வேலை கிடையாது. காலை, மதியம், இரவு என்று சாகிற வரைக்கும் பார்க்க வேண்டிய வேலை. அதில் பரம்பரை வேறு இருக்கிறது. இந்தியர்களாகிய நமக்கு உடம்பு பெரிதாகப் பருக்காமலே இந்த நோய் வரும். உடல் எடைக் குறியீடு 25க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது வெள்ளைக்காரர் கணக்கு. இங்கே நம் மருத்துவர்கள் 23 தாண்டினாலே எச்சரிப்பது அதனால்தான். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு என்றார். கடையில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில்தான் அதைப் பார்த்தேன். தே கலக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பத்துக்கு ஆறு பேரும் வாயைக் கட்டாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆறு பேரில் பலர் என் கையால் குடித்தவர்கள்.

ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு வருவார். அங்கேயே ஒரு தே குடித்துவிட்டு, இன்னொன்றைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு போவார். மதியம் ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது இரண்டு. “நல்லா கெட்டியா போடுங்க தம்பி, தூக்கம் வருது” என்பார். அவருக்குச் சக்கரை என்று தெரிந்ததும் ஒரு நாள் வந்து, “இனிமே தே ஓ கோசோங்” என்றார். பாலும் சர்க்கரையும் இல்லாத தே அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது நாள் அப்படிக் குடித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் அவர் கூட்டாளிகள் நாலு பேர் அதே மேசையில் இருந்தார்கள். “என்ன அண்ணே, ஆஸ்பத்திரித் தண்ணி குடிக்கிறீங்க?” என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் பழைய தேக்கே திரும்பிவிட்டார். நானும் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் காலில் புண். சக்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் வலி தெரியாது. பூட்ஸுக்குள் அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. தெரிந்த பிறகும் மூன்று வாரம் மருத்துவரிடம் போகவில்லை. இரண்டு விரல்களை எடுத்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது ஏன் போகவில்லை என்று கேட்டேன். “போனா ஏசுவாங்க தம்பி. வீட்டிலயும் ஏச்சு, அங்கயும் ஏச்சு. நீதானே தேடிக்கிட்டேன்னு சொல்வாங்க. அதுக்குப் பயந்துதான்” என்றார்.

அந்தத் தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த அண்ணன் முகம்தான் வந்தது. ஏசினால் திருந்துவார்கள் என்று நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் ஏசினால் ஒளித்துவைக்கிறார்கள். புண்ணை ஒளிக்கிறார்கள், மாத்திரை சாப்பிடாததை ஒளிக்கிறார்கள், கடைசியில் படுக்கையில் விழுந்த பிறகுதான் வருகிறார்கள். சந்தா கூடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சீக்கிரம் வந்திருந்தால் கட்டுப் போட்டு முடிந்திருக்கும். மூன்று வாரம் தள்ளிப்போனதால் அறுவை சிகிச்சை, வார்டு, வேலைக்குப் போக முடியாத மாதங்கள் என்று ஆகிவிட்டது. அப்போது யாருக்குச் செலவு அதிகம்?

இனி என் கையைப் பற்றி. ஒரு கிளாஸ் தேக்கு எங்கள் கடைக் கரண்டியில் இரண்டு கரண்டி டின் பால் ஊற்றுவது வழக்கம். அந்தப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. யாராவது இனிப்பைக் குறைக்கச் சொல்லி “குராங் மானிஸ்” என்றோ “சியூ தாய்” என்றோ கேட்டால் குறைப்போம். கேட்காவிட்டால் இரண்டு கரண்டி. இதை யார் முடிவு செய்தது? வாடிக்கையாளர் முடிவு செய்யவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிப் போட்டார், நானும் போட்டேன். அவர் தன் விருப்பப்படி குடிக்கிறார் என்று நாம் சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி நான் கரண்டியைச் சாய்க்கிற விதம்தான்.

2018இல் எனக்கு எச்பிஏ1சி 9.4 வந்தது. மூன்று மாதச் சக்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. பலதுறை மருந்தகத்திலிருந்து கடைக்குத் திரும்பிய அன்றே தேக்காவில் ஒரு சின்னக் கரண்டி வாங்கினேன். முதலாளியிடம் கேட்டேன். “ஆட்கள் போய்விட்டால்?” என்று பயந்தார். “ஒரு மாதம் பார்ப்போம்” என்றேன். முதலில் கொஞ்சம் குறைத்தேன், மூன்று வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். அறிவிப்புப் பலகை எதுவும் வைக்கவில்லை. தேத்தூளை மட்டும் ஒரு பிடி கூட்டினேன், மணம் குறையக்கூடாது என்று. கூடுதல் இனிப்பு வேண்டும் என்று கேட்டவருக்கு மறுக்காமல் கொடுத்தேன்.

மூன்று பேர் கேட்டார்கள். மூன்றே பேர். ஒரு நாளைக்கு முந்நூறு கிளாஸுக்குக் குறையாமல் போகிற கடை அது. மற்றவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள், மறுநாளும் வந்தார்கள். இப்போது எங்கள் கடையின் சாதாரணத் தேயில் முன்பு இருந்த டின் பாலில் முக்கால் பங்குகூட இல்லை. யாரையும் ஏசவில்லை, யாரும் கூச்சப்படவில்லை, மேசையில் யாரும் சிரிக்கவும் வழி இல்லை. இதை அந்த லாரி அண்ணனுக்கு முன்பே செய்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் எனக்குப் போகவில்லை.

பெரிய நிறுவனங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. டின்னிலும் பாட்டிலிலும் வரும் பானங்களுக்கு, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் முறை 2022 டிசம்பர் 30 முதல் வந்தது. ‘சி’, ‘டி’ தரம் வாங்கிய பானங்கள் அந்த எழுத்தைக் காட்டியே ஆக வேண்டும், டி வாங்கியதற்கு விளம்பரமே கிடையாது. ஒரு வருடம் கழித்து, கடையில் அப்போதே கலந்து தரும் பானங்களுக்கும் இது வந்தது. டி எழுத்தைப் போட்டுக்கொண்டு விற்க எந்த நிறுவனத்துக்குத்தான் ஆசை? சத்தமில்லாமல் சர்க்கரையைக் குறைத்தார்கள். பொட்டலப் பானங்களில் இருந்த சர்க்கரையின் இடைநிலை அளவு 2017இல் 7.1 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. அந்த ஆறு வருடத்தில் சிங்கப்பூரர்களுக்குத் திடீரென்று மன உறுதி கூடிவிட்டதா? ஊற்றுகிறவர்கள் கரண்டியை மாற்றினார்கள்.

2006 ஜூலையில் கோப்பிக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்தபோதும் இதே பேச்சுதான். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். மூலையில் மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கினோம். முணுமுணுத்தார்கள், பிறகு அங்கே போய் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பு பத்து மணி நேரம் அந்தப் புகையில் நின்றவன் நான், அதனால் எனக்கு அந்த வித்தியாசம் நெஞ்சிலேயே தெரியும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நண்பர் சொன்னது சரியா? அதுவும் இல்லை. அவரிடம் நான் நேரிலேயே சொல்வேன். எனக்கு 40 வயதுக்குப் பிறகு பரிசோதனைக்கு வரச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் மூன்று தடவை வந்தது. மூன்றையும் பிரிட்ஜ் மேல் வைத்தேன். என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தத் தாமதம் என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை. இப்போது ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம், குடும்ப மருத்துவருடன் முதல் சந்திப்பும் இலவசம். 40 வயது தாண்டிய நம்மவர்கள் இன்னும் பதியாமல் இருந்தால் அதற்கு நான் யாரைக் குறை சொல்வேன்? மாத்திரையை நான்தான் விழுங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணையும் காலையும் காட்ட நான்தான் போக வேண்டும். இரவு கடை மூடியதும் கைவிளக்கை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அண்ணன் சொல்லிக்கொடுத்தது அது.

ஆனால் என் பங்கை நான் செய்வதற்கு, மற்றவர் பங்கும் நடக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவரிடம் நடைப்பயிற்சி போ என்று சொல்வது சுலபம். அவருக்கு அந்த நேரத்தில் கிடைப்பது என் கடைத் தேதான். நம் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் முதலில் நீட்டப்படுவது சிவப்பு ரோஸ் சர்பத். வேண்டாம் என்றால், “என்ன, சக்கரையா?” என்று நாலு பேர் கேட்க ஒரு கேள்வி. வயதானவர்கள் அந்தக் கேள்விக்குப் பயந்தே வாங்கிக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஏன் முதல் தட்டில் வெறும் தண்ணீர் வைக்கக்கூடாது?

இதை எங்கள் பந்தலிலிருந்தே தொடங்க நினைத்தேன். நேற்றுக் குழுவில் எழுதினேன்: வரும் தைப்பூசத்துக்கு மோரில் சர்க்கரை வேண்டாம், இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பு அளவாகவும் போதும். சர்பத்துக்கு இனிப்பு பாதி. முன்வரிசையில் தண்ணீர், சர்பத் கேட்பவருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்போம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி தூக்கி வருகிறவருக்குத் தாகம்தான் முக்கியம், அது தண்ணீரிலேயே அடங்கும்.

குழுவை விட்டுப் போன அக்காவுக்குத் தனியாகத் தொலைபேசியில் பேசினேன். பந்தலுக்கு வருகிறேன், குழுவுக்கு இப்போது வேண்டாம் என்றார். அந்தத் தம்பிக்கும் தனியாக எழுதினேன்: “விடியற்காலை மூன்று மணிக்கு அண்டாவில் மோர் கலக்க ஆள் வேண்டும், வருகிறாயா?” கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “வர்றேன் அண்ணே. அப்பாவுக்கும் போன மாசம்தான் சக்கரைன்னு சொன்னாங்க.”

இப்படிக்கு,
தே கலக்கும் ஒரு வாசகர்
ஈசூன்