மணியின் தட்டு

இராசபாளையம்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் புதனன்று வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பின் எழுதும் முதல் நீண்ட கடிதம் என்று தொடங்கியிருந்தீர்கள். அதில் கண்ணைப் பற்றி இரண்டு வரிகளும் தங்கள் நாய் மணி உண்ண மறுப்பதைப் பற்றி மூன்று பக்கங்களும் இருக்கக் கண்டு முதலில் சிரித்தேன். படித்து முடித்தபோது சிரிப்பு வரவில்லை. 14 வயது நாய் தட்டை முகர்ந்துவிட்டு, நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வதைக் காண்பது எத்தகைய வேதனை என்பதை என் நாய் வெள்ளையனிடம் சென்ற ஆண்டு முழுவதும் அனுபவித்தவன் நான்.

அது வயதான திமிர் என்று அண்ணியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த நினைப்பிலேயே இரண்டு மாதங்களை வீணாக்கினேன். தயிர்சோற்றைத் தொடவில்லை என்றதும் முட்டையை அவித்து வைத்தேன். முட்டை சலித்ததும் கோழி ஈரல் வந்தது. ஈரலையும் ஒதுக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டித் துண்டுகளைக் கையால் ஊட்டினேன். சற்றுப் பொறுத்திருந்தால் இதைவிட நல்ல பண்டம் வரும் என்ற பாடத்தை நானே அவனுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாம் இருவரும் சேர்ந்து பணியாற்றிய பள்ளியில் அவ்வளவு விரைவாகப் பாடம் படித்த மாணவன் ஒருவனையும் நான் கண்டதில்லை.

ஆனால் அது பாதிக் கதைதான். ஒருநாள் அவன் ரொட்டித் துண்டை ஆசையோடு கவ்வி, தலையை இடப்பக்கமாகச் சாய்த்து இரண்டு முறை மென்று, கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பசி இல்லாதவன் அப்படி நிற்கமாட்டான். ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றபோது, மேல்தாடையின் வலப்பக்கத்துப் பெரிய கடைவாய்ப்பல் நீளவாக்கில் பிளந்து வேரில் சீழ் கோத்திருப்பதைக் காட்டினார்கள். நாய்க்கு மொத்தம் 42 பற்கள். அவற்றுள் எலும்பை உடைக்க உதவும் அந்தப் பல்லே எலும்பு கடித்துப் பிளவுபடுவதும் அதிகமாம். இரத்தத்தைச் சோதித்து, மயக்க மருந்து கொடுத்து, பல்லை எடுத்த பத்தாம் நாள் அவன் தட்டை நக்கித் தரையில் உருட்டிய ஓசை கேட்டு நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன்.

ஆதலால் மணிக்கு எதைச் சமைப்பது என்று யோசிப்பதற்கு முன், அவன் வாயைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள். அவன் இப்போது தண்ணீர் அதிகம் குடிப்பதாகவும் வாய் நாறுவதாகவும் எழுதியிருப்பது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. அது பல்லாகவும் இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்த பிறகுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளாகிய கிரியாட்டினின் இரத்தத்தில் கூடிக் காட்டும் என்பதால், நாள் கடத்துவது நல்லதல்ல. சிறுநீரகம் தளர்ந்த நாய்க்குக் குமட்டல் இருந்துகொண்டே இருக்கும்; குமட்டலோடு உண்ட பண்டத்தைப் பிறகு கண்டாலே அதற்குப் பிடிக்காமல் போகும். காய்ச்சலின்போது குடித்த கஞ்சியின் வாசனையைப் பல ஆண்டுகள் நாம் வெறுப்பதில்லையா, அதைப் போன்றதுதான். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி தங்கள் கும்பகோணத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. சோதனை முடியும்வரை ஈரல், முட்டை என்று எதையும் புதிதாக அள்ளி வைக்க வேண்டாம். ஒரு நாள் முழுவதும் அவன் எதையும் தொடாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, என் மறுகடிதத்துக்குக் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

பல் எடுத்த பிறகு வெள்ளையன் உண்டான் என்றாலும் பழைய வேகம் திரும்பவில்லை. அவன் பிறவியிலேயே காது கேளாதவன். உடல் முழுதும் வெண்மையான எங்கள் ஊர் இனத்தில் அந்தக் குறை அடிக்கடி காணப்படுவது தங்களுக்குத் தெரிந்ததே. (2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இனத்தில் பிறந்தவன் என்ற செருக்கு மட்டும் இன்னும் குறையவில்லை.) செவி இல்லாதவனுக்கு உலகமே மூக்குதான். அந்த மூக்கும் முதுமையில் மங்கியபோது, ஆறிப்போன சோறு அவனுக்கு மண்ணாங்கட்டியாகத் தோன்றியிருக்க வேண்டும். இப்போது உணவை வெதுவெதுப்பாக, நாயின் உடற்சூட்டை ஒட்டிய 38 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கிறேன். குழந்தைக்குப் பால் ஆற்றும்போது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்தச் சோதனையே போதும். அதோடு உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிச் சாற்றை எலும்பின்றி வடிகட்டி இரண்டு கரண்டி ஊற்றினால், படுத்த இடத்திலிருந்தே அவன் தலையைத் தூக்குவான்.

தங்கள் வீடு சைவம் என்பதால் கோழிச் சாற்றைப் பற்றி எழுதத் தயங்கினேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அதில் மஞ்சள் பூசணியை மசித்துச் சேர்த்தாலும் வெதுவெதுப்பில் நல்ல மணம் எழும். ஆனால் சாம்பார்ச் சோற்றையும் ரசச் சோற்றையும் அறவே நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரை விரும்பி உண்டு நெடுநாள் வாழ்ந்த நாய்களைக் காட்டி நம் ஊரில் பலர் வாதாடுவார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, என் வீட்டில் வைப்பதில்லை, அவ்வளவுதான். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடியது.

தட்டு இருக்கும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். தங்கள் கூடத்துப் பளிங்குத் தரையில் என் கால்களே வழுக்கியது நினைவிருக்கிறது. மூட்டு தேய்ந்த நாய்க்கு முன்னங்கால்களை ஊன்றிக் குனிவதே பெரும்பாடு. கால் விரிந்து வழுக்கும் என்ற அச்சத்திலேயே அது தட்டருகே போகாது. நான் ஒரு கோணிச் சாக்கை விரித்து, தட்டை அவன் மார்பளவு உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மணைக்கட்டையின்மேல் வைத்தேன். செலவு ஏதுமில்லை. அந்த ஒரு மாற்றத்தாலேயே பாதியில் நின்றுவிடும் சாப்பாடு முழுமையாக முடிந்தது.

ஒருவேளைக்குப் பெரிய அளவாக வைக்காமல் மூன்று நான்கு சிறு வேளைகளாகப் பிரித்து, வைத்த 20 நிமிடத்தில் உண்ணாவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை வேறு பண்டம் எதுவும் தரக்கூடாது. மருத்துவர் நோயில்லை என்று சொன்ன பிறகே இந்தக் கண்டிப்பு. நோயுற்றவனைப் பட்டினி போட நான் சொல்லவில்லை. அண்ணியாரும் தாங்களும் இருபுறமும் நின்று கெஞ்சுவதையும் விட்டுவிடுங்கள். நம் பதற்றம் நாய்க்குப் புரிகிறது, ஆனால் எதற்காகப் பதறுகிறோம் என்பது புரிவதில்லை. இந்தத் தட்டில் ஏதோ தவறு இருக்கிறது போலும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறேன். படிப்பதாக நடிக்கிறேன் என்பதே உண்மை.

மூட்டு மாத்திரையைத் தயிர்சோற்றில் ஒளித்து வைப்பதாகத் தாங்கள் எழுதிய வரியில் சற்று நின்றுவிட்டேன். மணி தயிர்சோற்றை வெறுக்கத் தொடங்கியதும் அந்த மாதத்தில்தானே? மாத்திரையை இட்லித் துண்டொன்றில் பொதிந்து, சாப்பாட்டு வேளையில் அல்லாமல், வேறோர் இடத்தில் கொடுத்துப் பாருங்கள்; உணவோடுதான் தரவேண்டிய மாத்திரையா என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு எழுதித் தந்த வலி மாத்திரையை அவனுக்குப் பங்கு வைக்க வேண்டாம். வாயைப் பிளந்து கரண்டியால் கஞ்சியை ஊற்றுவதும் ஆபத்து. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

இரத்தச் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். தங்கள் கண்ணைப் பற்றியும் இம்முறை ஒரு பக்கமாவது இருக்கட்டும். அண்ணியாருக்கு என் வணக்கம். பருப்பும் பூசணியும் அடுப்பிலிருந்து இறக்கி ஆறிக்கொண்டிருக்கின்றன. வெள்ளையன் இன்னும் உறங்குகிறான். எழுந்து போய் அவன் அருகே தரையை இரண்டு முறை மிதிக்க வேண்டும், அதிர்வை உணர்ந்துதான் அவன் எழுந்திருப்பான்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்