கேப்டனை மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கரீபியன் தீவுகளில் பாய்மரப் படகிலேயே குடும்பம் நடத்தும் ஒரு தம்பதியைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பேட்டி முழுக்க வீட்டுக்காரரே பேசுகிறார், காற்று, சுதந்திரம், நட்சத்திரம் என்று. அந்த அம்மா ஒரு படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் கம்பியில் நாலு சட்டை காய்கிறது. எனக்குக் கண் நேராக அங்கேதான் போனது, ஏனென்றால் அதே கடலில் 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை அதே மாதிரிக் கம்பியில் துணி காயப்போட்டவள் நான்.

நாங்கள் காரைக்கால்காரர்கள், இருப்பது பாரிஸ் பக்கத்தில். மார்த்தினிக் தீவில் லெ மரான் என்ற ஊரில் பழைய 38 அடிப் படகு ஒன்றை வாங்கி, பத்து வயதுப் பையனையும் ஏழு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஏறினோம். தொட்டியில் 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல்நீரை நல்ல நீராக்கும் மெஷினின் விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார், அந்த அப்புறம் கடைசிவரை வரவே இல்லை. தண்ணீர் தீர்ந்தால் சின்ன ரப்பர் படகில் கேன்களோடு கரைக்குப் போய்க் குழாயைத் தேட வேண்டும். குளியல் என்றால் கடலில் குதித்து, சோப்புப் போட்டு, கடைசியில் ஆளுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து நல்ல நீரில் ஒரு அலசு. துணிக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. கடல்நீரில் துவைத்தால் உப்பு துணியிலேயே தங்கிவிடும், அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மத்தியானம் மொடமொடவென்று காய்ந்த சட்டை சாயங்காலம் பிசுபிசுக்கும், பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் புண். ஆகவே சமையலில் மிச்சம் பிடித்த நல்ல தண்ணீரை வாளியில் ஊற்றி, காலால் மிதித்துத்தான் துவைப்பேன். அந்தப் படத்தில் இருக்கும் நாலு சட்டைக்கும் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சமையலைச் சொல்லாமல் விட முடியாது. படகு இடமோ வலமோ சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும்படி அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும். ஆனால் தீவின் மறைவில் குளம் மாதிரி இருக்கும் கடல், தீவு முனையைத் தாண்டியதுமே வேறு கடல்; கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று இரண்டு தீவுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாயும். மார்த்தினிக்கிலிருந்து டொமினிக்கா போகும்போது ஒரு அலை அடித்ததில் என் பிரஷர் குக்கர் அடுப்பை விட்டுக் குதித்துத் தரையில் உருண்டது. மூடி திறக்கவில்லை, சோறு தப்பித்தது! பெண், உருண்டு விழாமல் இருக்கப் படுக்கையோரம் கட்டிய துணியில், தூளியில் கிடப்பது போலக் கிடந்து வாந்தி எடுக்கிறாள், மேலே இருந்து கேப்டன் "பயப்படாதே, ஒண்ணும் இல்லை" என்று கத்துகிறார். குக்கரைப் பிடிப்பதா குழந்தையைப் பிடிப்பதா என்று இருந்தவளுக்குப் பயப்பட ஏது நேரம்?

பிள்ளைகளுக்குக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை பாடம், பிரெஞ்சு அரசின் தொலைநிலைக் கல்வி மூலம். வாத்தியார் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நியாயமாகச் சொல்கிறேன், அவர்கள் வளர்ந்தார்கள். விஷ மரம் என்று எச்சரிக்கச் சிவப்புப் பட்டை அடித்த மன்சினீல் மரத்தின் கீழ் மழைக்குக்கூட ஒதுங்கக் கூடாது, சொட்டும் தண்ணீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும் என்று பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். என்ன, இன்று பக்கத்துப் படகில் கிடைத்த சிநேகிதி நாளை விடிவதற்குள் நங்கூரம் எடுத்துப் போய்விடுவாள், அந்த அழுகைதான் எனக்குத் தாங்கவில்லை.

குவாதலூப்பில் கப்பெஸ்டேர் என்ற ஊரில், ஷாங்ஜி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரேலி என்ற கப்பலில் அந்தத் தீவுக்கு முதன்முதலில் வந்து இறங்கிய இந்தியக் கூலிகளும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோரும் நம் பக்கத்து ஆட்கள். அங்கே அம்மனை மாலியேமேன் என்கிறார்கள், பேச்சில் தமிழ் இல்லை. கோபுரத்தைப் பார்த்துவிட்டு என் பையன், "அம்மா, அவங்க படகுல தண்ணிக்கு என்ன பண்ணினாங்க?" என்றான். அன்றைக்கு ராத்திரி நான் தண்ணீரைப் பற்றிப் புலம்பவில்லை.

இன்னொன்று, கட்டுரையில் புயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். இன்சூரன்ஸ்காரர்களும் படகைத் தெற்கே கொண்டுபோகச் சொல்வார்கள், பலரும் கிரெனடா பக்கம் ஒதுங்குவார்கள். நாங்களும் 2023இல் அப்படித்தான் போனோம், நடுவில் கரியாக்கூ தீவின் டிரல் விரிகுடாவில் பல வாரம் கிடந்தோம். நாங்கள் படகை விற்றுவிட்டு ஊர் திரும்பிய அடுத்த சில மாதத்தில், 2024 ஜூலை 1 அன்று, பெரில் புயல் நேராக அந்தத் தீவில்தான் ஏறியது. பத்திரம் என்று அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவைத்த படகுகளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த படங்களைப் பார்த்து நானும் அவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

இதையெல்லாம் யாரையும் தடுக்க எழுதவில்லை. போக நினைப்பவர்கள் போகட்டும், ஆனால் அடுத்த முறை பேட்டி எடுக்கும்போது அந்த அம்மாவிடமும் மைக்கைக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் இப்போது மறுபடியும் படகு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி, ஆனால் தண்ணீர் மெஷின் இருந்தால்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாரிஸ்