புயல் நாளில் மைக் பிடிப்பவர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும், ஐப்பசி நெருங்கும்போது நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்குமோ என்ற எதிர்பார்ப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

உங்கள் தம்பி மகள் கடலோர மாவட்டம் ஒன்றில் உதவி மக்கள் தொடர்பு அலுவலராகச் சேரவிருப்பது பெருமைக்குரிய செய்தி. புயல், வெள்ளம் வந்தால் அவளுக்கு என்ன வேலை இருக்கும், எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அரசு விழாக்களிலும் செய்திக்குறிப்புகளிலும் கழியும். ஆனால், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பேரிடர்க் களத்தின் தலைமை அதிகாரிக்கு நேர் உதவியாக இருக்க வேண்டிய மூவரில் ஒருவராகத் தகவல் மற்றும் ஊடக அலுவலரைச் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்பு அலுவலருக்குச் சமமான இடம் அது. சொல் தவறினாலும் உயிர் போகும் என்பதை அறிந்தவர்கள்தான் அந்த இடத்தை வகுத்திருக்க வேண்டும்.

அவள் முதலில் கற்க வேண்டியது, எந்த எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பதை. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். எட்டும் ஒன்பதும் பத்தும், தீவிரப் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைக் கப்பல்களுக்குச் சொல்பவை. பதினொன்றோ, புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்படுவது. இது தெரியாமல் ‘எட்டாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னால், கரையில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மழை எச்சரிக்கைக்குத் தரும் வண்ணங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது அதி கனமழை; அதை எதிர்பார்க்கும்போதுதான் பெரும்பாலும் சிவப்பு தருவார்கள். 2018 அக்டோபர் 7-ஆம் தேதிக்கென்று தமிழ்நாட்டுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது மக்கள் பதறிப்போனார்கள். சிவப்பு என்பது அரசுத் துறைகள் ஆயத்தமாவதற்கான குறியீடு என்று பிறகு விளக்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. அந்த விளக்கம் முதல் நாளே, முதல் வரியிலேயே போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நாற்பது நாள் கழித்துக் கஜா புயல் வந்தது. நவம்பர் 15 பிற்பகல், கூரை வீடுகள் நிறைந்த ஒரு கடலோரக் கிராமத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து, காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசும் என்று எழுதிக் கொண்டுபோனதைப் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நிமிர்ந்து, “போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க, வரலியே. இப்ப எங்கே போகணும், எத்தனை மணிக்குப் போகணும், இந்த ஆட்டை என்ன பண்றது, அதைச் சொல்லுங்க தம்பி” என்றார். நான் வண்டியை நிறுத்தி, தாளைத் திருப்பி, புதிதாக எழுதினேன். கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்கள் ஆறு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். ரேஷன் கார்டையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுமாடுகளை அவிழ்த்து விடுங்கள். ராத்திரிச் சாப்பாடு அங்கே இருக்கிறது. நடுவில் காற்று நின்றாலும் நாங்கள் சொல்லும்வரை வெளியே வராதீர்கள்.

அந்தக் கடைசி வரியை அவள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று எண்ணி வீட்டைப் பார்க்கக் கிளம்புகிறவர்களை, எதிர்த்திசையிலிருந்து திரும்பும் காற்று வழியிலேயே பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது, அந்த மூதாட்டி பள்ளிக்கூடச் சுவரோரம் படுத்திருந்ததைப் பார்த்தேன்.

என் பிழை ஒன்றையும் சொல்கிறேன். ஓராண்டு, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற அறிவிப்பில் தேதி போடாமல் அனுப்பிவிட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அது வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடைமழை ஓய்ந்து பள்ளி திறந்த நாளில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதன்பின் தேதி, கிழமை, மணி ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு வரியும் நான் அனுப்பியதில்லை.

வகுப்பறைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நிருபர்கள் கேள்வி கேட்பதுபோல் ஒத்திகை பார்ப்பதும், தெரியாததைத் ‘தெரியவில்லை, மாலை ஐந்து மணிக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அந்த ஐந்து மணிக்குத் தவறாமல் வந்து நிற்பதும் அங்கே பழக வேண்டியவைதாம். ஆனால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் முன்பே ஆழ்கடலில் இருந்தன. கரையில் செய்த அறிவிப்பு அவர்கள் காதில் எப்படி விழும்? எந்தப் படகு எப்போது போனது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் உரிமையோடு கேட்கும் பழக்கம், புயல் இல்லாத மாதங்களில்தான் உண்டாகும்.

ஆகவே, பணியில் சேரும் முன் அவளை ஒரு நாள் இங்கே அனுப்பிவையுங்கள். எனக்குப் பழக்கமான பஞ்சாயத்தார் இரண்டு பேரிடம் அழைத்துச் செல்கிறேன். அவள் வரும் நாளை மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள்; அவர்கள் அன்று கடலுக்குப் போகாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்